கல்லின் மேல்முகம்

கனடாவின் மேற்குக் கோடியில், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், சேஸ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அதையொட்டி ஓடும் தெற்கு தாம்சன் ஆற்றின் தண்ணீரை ஆழமில்லாத தொட்டிகளில் ஓடவிட்டு மேக்ஸ் பாத்வெல்லும் உடன் ஆய்வாளர்களும் நடத்திய சோதனை 1994இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது. தொட்டிகளின் மேல் வெவ்வேறு பிளாஸ்டிக் தகடுகளை வைத்திருந்தார்கள். சில தகடுகள் வெயிலை ஏறக்குறைய முழுதாக உள்ளே விடும். சில, கண்ணுக்குத் தெரியும் ஒளியை விட்டுவிட்டுப் புற ஊதாக் கதிரை மட்டும் நிறுத்தும். புற ஊதா பாசியின் வளர்ச்சியைக் குறைக்கும் என்பது எதிர்பார்த்ததுதான். முதல் சில வாரங்கள் அப்படியே நடந்தது. அதன்பின் கணக்கு தலைகீழாகப் புரண்டது. புற ஊதா படாத தொட்டிகளைவிடப் பட்ட தொட்டிகளில்தான் பாசி அதிகம் சேர்ந்தது. இதற்கான காரணத்தைப் பாசியிடம் தேடிப் பயனில்லை. அதைத் தின்னும் கைரோனமிட் புழுக்களிடம்தான் தேட வேண்டும். கொசுவைப் போலிருந்தாலும் கடிக்காத ஒருவகை ஈக்களின் இளம்பருவம் இவை. பாசியைக் காட்டிலும் இந்தப் புழுக்களைப் புற ஊதா அதிகமாக வாட்டியது. மேய்பவை குறைந்தன, மேய்ச்சல் நிலம் செழித்தது.

பாசியை மட்டும் பார்த்தவர் புற ஊதா பாசிக்கு நல்லது என்று முடிவு கட்டியிருப்பார். ஓடையில் ஒளியைப் பற்றிப் பேசும்போது இந்த ஆபத்து எப்போதும் உண்டு. ஏனென்றால் அங்கே விழும் வெயில் ஒன்றானாலும் அது செய்யும் வேலைகள் நான்கு: பாசியை வளர்க்கிறது, தண்ணீரைச் சூடாக்குகிறது, மெல்லிய உடல்களைக் காயப்படுத்துகிறது, மீன்களுக்கு இரையைக் காட்டிக் கொடுக்கிறது. நான்கும் ஒன்றுகூடும் இடம் ஓடைக் கல்லின் மேல்முகம். உணவு அங்கேதான் இருக்கிறது, ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. ஆகவே மரநிழல் ஓடைவாழ் சிற்றுயிர்களுக்கு நன்மையா தீமையா என்று பொதுப்படக் கேட்பதில் பொருளில்லை. அந்த மேல்முகத்தில் இரை தேட ஓர் உயிர் கொடுக்க வேண்டிய விலையை நிழல் மாற்றுகிறது; விலை மாறும்போது அங்கே குடியிருப்போரும் மாறுகிறார்கள். தலையை எண்ணுபவருக்கு இந்த மாற்றம் தெரியாது, அல்லது தவறாகத் தெரியும்.

நிழலுக்கு எதிரான வாதத்திலிருந்தே தொடங்கலாம். அது வலுவான வாதம். 1982இல் சார்லஸ் ஹாக்கின்ஸும் இரண்டு சக ஆய்வாளர்களும் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், கேஸ்கேட் மலைத்தொடரின் ஓடைகளை ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சில ஓடைகள் முதிர்ந்த காட்டுக்குள் ஓடின, சில வெட்டுக்குப் பின் மீண்டும் வளர்ந்த மரங்களின் கீழ் ஓடின, சிலவற்றின் மேல் வானம்தான் கூரை. திறந்த ஓடைகளில்தான் பூச்சிகளும் மற்ற முதுகெலும்பில்லா உயிர்களும் எண்ணிக்கையில் அதிகம். அடித்தளம் மணலா கல்லா என்பதைவிட மேலே மரம் உண்டா இல்லையா என்பது பல வகையிலும் பெரிய வேறுபாட்டைக் காட்டியது. அடர்ந்த காட்டோடையின் நீரை எட்டும் ஒளி, வெட்டவெளியில் விழுவதில் சில சதவீதம் மட்டுமே. ஒளிச்சேர்க்கையை நம்பியிருக்கும் எதற்கும் அது பஞ்சம்தான். அப்படியானால் மரத்தை வெட்டினால் ஓடையில் உயிர் பெருகும் என்று ஒருவர் சொன்னால், தரவு அவர் பக்கம் நிற்பதுபோல் தோன்றும்.

இதற்கு உடனே எழும் மறுப்பு, வெட்டப்பட்ட காட்டில் ஒளி மட்டுமா மாறுகிறது என்பது. மண் சரிந்து வண்டல் வருகிறது, நைட்ரஜன் கூடுகிறது, இலைக்குப்பை நின்றுபோகிறது. எந்த மாற்றம் எந்த விளைவைத் தந்தது என்று எப்படிப் பிரிப்பது? நியாயமான கேள்வி. ஆனால் ஒளியை மட்டும் மாற்றிக் காட்டும் ஒரு சோதனையை இயற்கையே ஆண்டுதோறும் நடத்துகிறது. டென்னசி மாநிலத்தின் வாக்கர் பிராஞ்ச் என்ற சிற்றோடையின் கரை மரங்கள் குளிர்காலத்தில் மொட்டையாக நிற்பவை. வசந்தத்தின் தொடக்கத்தில், சூரியன் உயர்ந்துவிட்ட பிறகும் துளிர் விரியாத சில வாரங்கள் இருக்கின்றன. அந்த இடைவெளியில் வெயில் நேராக ஓடைப் படுகையில் இறங்குகிறது. இலை விரிந்ததும் கூரை மூடிக்கொள்கிறது. வால்டர் ஹில்லும் குழுவினரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில் இந்த மாற்றத்தைப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். மரங்கள் இலைவிட்டதும் பாசியின் ஒளிச்சேர்க்கை சரிந்தது. பாசி மேயும் எலிமியா நத்தைகளின் வளர்ச்சியும் கூடவே சரிந்தது. வண்டல் வரவில்லை, மரம் வெட்டப்படவில்லை. ஓடையும் அதே ஓடை, நத்தைகளும் அதே நத்தைகள். பருவமோ வெப்பத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. வெப்பம்தான் வளர்ச்சியைத் தீர்மானித்தது என்றால் நத்தைகள் வேகமெடுத்திருக்க வேண்டும். ஒளி குறைந்தால் மேய்பவை பட்டினியை நெருங்குகின்றன என்பதை இதற்குமேல் ஐயப்பட இடமில்லை.

இங்கே காட்டோடை ஆய்வின் பழைய நம்பிக்கை ஒன்று குறுக்கே வரும். காட்டோடை வெயிலால் வாழ்வதில்லை, உதிர்ந்த இலையால் வாழ்கிறது என்பது அது. ஸ்டூவர்ட் ஃபிஷரும் ஜீன் லைக்கன்ஸும் நியூ ஹாம்ப்ஷயரின் பேர் புரூக் ஓடைக்கு ஆற்றல் வரவுசெலவுக் கணக்கு எழுதி 1973இல் வெளியிட்டார்கள். ஓடைக்குள் வரும் ஆற்றலில் 99 சதவீதத்துக்கும் மேல் வெளியிலிருந்து, அதாவது கரைக்காட்டிலிருந்து, வருகிறது என்றது அந்தக் கணக்கு. ஏழாண்டுகள் கழித்து ராபின் வேனோட்டும் குழுவினரும் முன்வைத்த ‘ஆற்றுத் தொடர்ச்சி’க் கோட்பாடு இதைப் பொதுவிதியாக்கியது: மலையுச்சியில் நிழல் அதிகம், அங்கே இலையைக் கிழித்துத் தின்பவை, நடு ஆற்றில் அகலம் கூடி வெயில் விழும், அங்கே பாசி மேய்பவை, கீழே வர வர, மிதந்து வரும் துகளை வடித்துத் தின்பவை. வட கரோலினாவின் கோவீட்டா காட்டில் புரூஸ் வாலஸும் குழுவினரும் ஓர் ஓடையின் மேல் வலைகட்டி இலை விழாமல் மூன்றாண்டு தடுத்து, அதன் முடிவுகளை 1997இல் வெளியிட்டார்கள். அந்த ஓடையில் இலை தின்பவை மட்டுமல்லாமல் அவற்றை வேட்டையாடுபவையும் குறைந்துபோயின. மாஸ் (moss) தாவரம் மூடிய பாறைப் பகுதிகளில் மட்டும் பெரிய மாற்றமில்லை. இந்த விதிவிலக்கைப் பலரும் போகிறபோக்கில் படித்துவிட்டுக் கடந்துவிடுவது வியப்பு. ஒரே ஓடைக்குள் இலையால் பிழைக்கும் ஊரும் இலையைச் சாராத ஊரும் அடுத்தடுத்து இருக்கின்றன என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

வெப்பமண்டலத்தில் இலைக் கோட்பாடு இன்னும் தளர்கிறது. டேனி லாவ், கென்னத் லியூங், டேவிட் டட்ஜன் ஆகியோர் ஹாங்காங்கின் மலையோடைகளில் வாழும் உயிர்களின் உடலில் உள்ள கார்பன், நைட்ரஜன் ஐசோடோப்புகளை அளந்தார்கள். ஓர் உயிரின் வயிற்றில் இருப்பது நேற்று தின்றது. ஐசோடோப் காட்டுவது தின்றதில் உடலாக மாறியதை. நிழலோடைகளிலும்கூட இவற்றின் உடலைக் கட்டியெழுப்பியதில் பெரும்பங்கு பாசியினுடையது என்பது 2009இல் வெளிவந்த முடிவு. ஆற்றல் கணக்கில் ஒளியின் பங்கு அற்பமென்றால், உடலில் பாசி இவ்வளவு எப்படி? பேர் புரூக் கணக்கு பொய்யா? பொய்யில்லை. அது ஓடைக்குள் நுழைந்ததை எண்ணியது, உடலில் சேர்ந்ததை எண்ணவில்லை. உதிர்ந்த இலையின் பெரும்பகுதி செல்லுலோசும் லிக்னினும். பூஞ்சை ஊறினால்தான் அது உணவாகும். டயாட்டம் பாசியிலோ பூச்சிகளால் தாமாக எளிதில் உண்டாக்கிக்கொள்ள முடியாத நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் இருக்கின்றன. அளவில் சிறிது, தரத்தில் உயர்வு.

நிழலில் உள்ள கல்லைத் தடவினால் பாசியே இல்லாததுபோல் இருக்கும், பிறகு எங்கிருந்து உணவு என்ற ஐயம் எழலாம். தினமும் கிள்ளப்படும் கீரைப்பாத்தியைப் பார்த்து விளைச்சல் இல்லை என்று சொல்வது போன்றது அது. கண்ணுக்குத் தெரிவது மேய்ச்சலுக்குப் பின் மிஞ்சியது மட்டுமே. மேரி பவர் பனாமாவின் ஃபிரிஹோலெஸ் ஓடையில் பாசி மேயும் கெளுத்தி மீன்களைப் பற்றி 1984இல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டுகிறது. வெயில் விழும் மடுக்களில் பாசி வேகமாக வளர்ந்தது, ஆனால் அங்கே மீன்களும் அதற்கேற்ப அதிகம். அதனால் வெயில் மடுவிலும் நிழல் மடுவிலும் மிஞ்சிய பாசி ஏறத்தாழ ஒன்றுதான். ஒவ்வொரு மீனின் வளர்ச்சியும் ஏறத்தாழ ஒன்றுதான். மீனுக்குச் சொன்னது பூச்சிக்கும் பொருந்துமா என்றால், வடக்குக் கலிபோர்னிய ஓடைகளில் மேயும் பூச்சிகளை ஒதுக்கிவைத்துச் செய்த ஆய்வுகளிலும் வெயில் தரும் பாசி வளர்ச்சியை மேய்ச்சல் பெரிதும் விழுங்கிவிடுவதைக் கண்டார்கள். ஒளியின் விளைவைக் கல்லில் தேடினால் கிடைக்காமல் போகலாம். அது தின்பவற்றின் உடலுக்குள் போயிருக்கும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. வெயில் கூடக் கூட உணவு அதிகமாகும், ஆனால் அதே தரத்தில் அதிகமாகாது. நிழல் பாசி குறைந்த ஒளியை முழுதாகப் பிடிக்கத் தன் உடலமைப்பை மாற்றிக்கொள்கிறது. ஒளி பெருகும்போது பாசிச் செல்லில் கார்பன் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் முந்திக்கொண்டு சேர்கிறது. மேலே சொன்ன நல்ல கொழுப்பு அமிலங்களின் விகிதம் குறைகிறது. ஒளி மிகுந்து ஊட்டமும் மிகுந்தால் டயாட்டம் படலத்தின் இடத்தை நூல்போல் நீளும் பச்சைப் பாசி பிடித்துக்கொள்ளும். மேஃப்ளை என்ற பூச்சியின் நீர்வாழ் இளம்பருவத்தில் சுரண்டித் தின்னும் வாயமைப்பு கொண்ட ஒன்றுக்கு அந்தப் பச்சைக் கற்றை பெரிய உதவியில்லை. அதற்குள் ஒளிந்து வாழும் கைரோனமிட்டுக்கு அது வீடு. ஓரிகனில் கண்ட எண்ணிக்கைப் பெருக்கத்தை இந்த இடத்தில் மறுபடி நினைத்துப் பார்க்க வேண்டும். யார் பெருகினார்கள் என்று கேட்காமல் எவ்வளவு பெருகியது என்று மட்டும் கேட்டதில்தான் குழப்பம். காடு அழிந்த ஓடைகளில் பெருகுபவை பெரும்பாலும் கைரோனமிட்டுகளும் பேட்டிஸ் போன்ற சிறு மேஃப்ளைகளும். தலைமுறை குறுகியவை, எதையும் சமாளிப்பவை. ஓராண்டோ அதற்கு மேலோ நீரில் வளரும் ஸ்டோன்ஃப்ளைகள் அந்தப் பட்டியலில் அரிது.

ஸ்டோன்ஃப்ளைகளை விரட்டுவது ஒளியைவிட அது கொண்டுவரும் வெப்பம். நியூசிலாந்து ஆறுகளில் ஜான் குவினும் கிறிஸ்டஃபர் ஹிக்கியும் செய்த கணக்கெடுப்பில் ஸ்டோன்ஃப்ளைகள் பெரும்பாலும் கோடை உச்சத்திலும் 19 டிகிரி செல்சியஸைத் தாண்டாத ஆறுகளில் ஒதுங்கியிருந்தன. அந்நாட்டு டெலியாட்டிடியம் மேஃப்ளைகளை ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தபோது, 23 டிகிரிக்கு அருகே நான்கு நாளில் பாதி இறந்தன. அதே ஓடைகளில் வாழும் சில நத்தைகளும் வண்டுகளும் 30 டிகிரிக்கு மேலும் தாங்கின. சாகடிக்காத வெப்பமும் சும்மா விடுவதில்லை. சூடான நீரில் பூச்சியின் உடல் வளர்வதைவிட அதன் முதிர்ச்சி முந்திக்கொள்கிறது. சிறிய உடலோடு சிறகு முளைத்து வெளியேறும் பெண் இடும் முட்டைகளும் குறைவு என்று பெர்னார்ட் ஸ்வீனியும் வேனோட்டும் 1978லேயே விளக்கியிருக்கிறார்கள். இந்த ஆண்டு வெயிலில் வளர்ச்சி வேகமாக இருக்கும். அதற்கான இழப்பு அடுத்த தலைமுறையின் கணக்கில் எழுதப்படும். ஒரு பருவம் மட்டும் நடக்கும் ஆய்வு அதைக் காணாது.

பூச்சிக்குக் கால்கள் இருக்கின்றனவே, வெயில் பிடிக்காவிட்டால் கல்லுக்கு அடியில் போய்விட்டால் தீர்ந்தது என்று சொல்பவர் உண்டு. போகின்றனதான். பகலில் கல்லைப் புரட்டினால் அடியில் ஒட்டிக்கொண்டிருப்பவை இரவில் மேலே வந்து மேய்கின்றன. பெரும்பாலான மேஃப்ளை இளம்பூச்சிகள் நீரோட்டத்தில் தம்மை விட்டுவிட்டு இடம்பெயர்வதும் இருட்டிய பிறகுதான். இந்த இரவுப் பழக்கம் ஒளிக்கு அஞ்சியா, மீனுக்கு அஞ்சியா? அலெக்சாண்டர் ஃப்ளெக்கர் 1992இல் ஆண்டீஸ் மலைச்சரிவின் ஓடைகளை ஒப்பிட்டு இதற்கு விடை தந்தார். மிதந்துவரும் இரையைப் பிடிக்கும் மீன்கள் இல்லாத உயர் ஓடைகளில் மேஃப்ளைகள் பகல், இரவு என்று பாராமல் மிதந்தன. அப்படிப்பட்ட மீன்கள் உள்ள இடங்களில் மிதப்பு இரவுக்கு ஒதுங்கியது. மனிதர் டிரௌட் மீனைக் கொண்டுவந்து விட்ட ஓடைகளிலும் அப்படியே. அதாவது பூச்சி ஒளியைப் பார்த்து மீனைக் கணிக்கிறது. ஒளிந்துகொள்வதால் வெயிலின் விளைவு இல்லாமல் போகவில்லை, அது மேயும் நேரத்தின் இழப்பாக மாறுகிறது. பாசி மிகச் செழிக்கும் இடமே பகலெல்லாம் எட்ட முடியாத இடமாகிறது. காட்டு நிழலும் அழுகும் இலையிலிருந்து ஊறும் பழுப்பு நிறமும் இந்த இழப்பைக் குறைக்கின்றன. அந்தப் பழுப்பு நிறம் புற ஊதாவை மேல்மட்ட நீரிலேயே உறிஞ்சிக்கொள்ளும் வேலையையும் செய்கிறது. சேஸ் தொட்டிகளின் பிளாஸ்டிக் தகடு செய்த வேலையைக் காட்டோடையில் மரமும் அதன் இலைச்சாறும் செய்கின்றன.

எண்ணிக்கையிலும் இன்னொரு பொறி இருக்கிறது. ஆய்வுகள் சதுர மீட்டருக்கு இத்தனை என்று எண்ணுகின்றன. ஆனால் சதுர மீட்டர்கள் எத்தனை? ஸ்வீனியும் குழுவினரும் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் 16 ஓடைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் காடு சூழ்ந்த பகுதியையும் காடிழந்த பகுதியையும் ஒப்பிட்டு 2004இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். காடிழந்த கரையில் வெயில் பட்டுப் புல் அடர்கிறது, புல் வண்டலைப் பிடித்துவைக்கிறது, கரை உள்நோக்கி வளர்ந்து ஓடை குறுகுகிறது. காட்டுப் பகுதியில் ஓடை அகலமாகவும் படுகை கரடுமுரடாகவும் இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு எத்தனை உயிர் என்று எண்ணினால் வெட்டவெளி ஓடையின் மேன்மை கரைந்துபோகிறது, பல இடங்களில் கணக்கே மாறுகிறது. சதுர மீட்டரை மட்டும் நம்பி எழுதப்பட்ட பல முடிவுகளை மறுபடி படிக்கத் தோன்றும்.

அப்படியானால் எவ்வளவு நிழல் வேண்டும்? பிரிட்டிஷ் கொலம்பியாவின் மால்கம் நாப் ஆய்வுக்காட்டில் பீட்டர் கிஃப்னியும் குழுவினரும் 13 ஓடைகளில் இதை அளந்து 2003இல் வெளியிட்டார்கள். கரைவரை வெட்டப்பட்ட ஓடையில் விழுந்த வெயில், தொடப்படாத காட்டோடையில் விழுந்ததைப் போல் 58 மடங்கு. கரையில் 10 மீட்டர் அகலத்துக்கு மரம் விட்டால் 16 மடங்கு. 30 மீட்டர் விட்டாலும் 5 மடங்கு. வெயிலோடு பாசியும் கைரோனமிட்டும் ஏறின. ஒற்றை வரிசை மரம் நட்டுவிட்டுக் கரைக்காடு மீண்டது என்று சொல்லும் திட்டங்களுக்கு இந்த மூன்று எண்களும் நல்ல பதில். ஆனால் 30 மீட்டர் என்ற அளவை அப்படியே மேற்குத் தொடர்ச்சி மலைக்குத் தூக்கிக்கொண்டு வருவது சரியாகாது. ஆய்வுக்காடு இருப்பது சுமார் 49 டிகிரி வடக்கில். அங்கே சூரியன் ஒருநாளும் உச்சிக்கு வருவதில்லை, ஒளி சாய்வாக அடிமரங்களின் இடைவெளி வழியே பக்கவாட்டில் நுழைகிறது. அதைத் தடுக்க அகலம்தான் தேவை. தமிழ்நாட்டின் அட்சரேகையிலோ சூரியன் ஆண்டுக்கு இருமுறை நேர் உச்சியைக் கடக்கிறது, நண்பகல் வெயில் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குகிறது. கரையில் எத்தனை மீட்டருக்கு மரம் நிற்கிறது என்பதைவிட, இரு கரை மரங்களின் கிளைகளும் நடு ஓடைக்கு மேலே கைகோத்திருக்கின்றனவா என்பதே இங்கே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். சோலைக்காட்டு மரங்கள் ஒரே காலத்தில் இலையுதிர்ப்பதும் இல்லை, ஆகவே வாக்கர் பிராஞ்சின் வசந்த இடைவெளி இங்கே கிடையாது. மரம் விழுந்து கூரையில் உண்டாகும் ஓட்டைகளும், அவற்றின் வழியே நகர்ந்துபோகும் வெயில் திட்டுகளும்தான் இந்த ஓடைகளின் பாசிக்குக் கிடைக்கும் வாய்ப்பு. கரையோரக் காட்டை மீட்பவர்கள் நாடா வைத்து அகலத்தை அளப்பதோடு, ஓடையின் நடுவில் நின்று மேலே தெரியும் வானத்தின் அளவையும் குறித்துக்கொள்வது நல்லது.